இவருக்குப் பதில் இவர்: டேரின் மாறியபோது ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ‘பிவிட்ச்ட்’ என்ற பழைய அமெரிக்கக் காமெடித் தொடரை முதல் சீசனிலிருந்து பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஐந்து சீசன் வரை சமந்தாவின் கணவன் டேரினாக ஒருவர். ஆறாவது சீசனைப் போட்டால் அதே வீடு, அதே சோபா, அதே மனைவி, கணவன் மட்டும் வேறு ஆள். கதைக்குள் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. “அந்தக் காலத்து ஜனங்கள் இதைச் சும்மாவா விட்டார்கள்?” என்கிறார். கூடவே ஒரு வீட்டு விஷயம். தினமும் பார்த்துவந்த சீரியலில் நாயகி மாறியதிலிருந்து அவருடைய அம்மா அந்த நேரம் வந்தால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். “ஒரு ஆள் மாறினதுக்கா இவ்வளவு கோபம்?”

தம்பி, நான் உங்கள் அம்மா கட்சி. அமெரிக்காவிலும் சும்மா விடவில்லை. ஆனால் அவர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள், எதற்காகப் படவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நான் காவேரிப்பட்டணத்தில் பல வருஷம் கேபிள் நடத்தியவன். மாத வசூலுக்கு வீடு வீடாகப் போனால் பாதிப் பேர் பணம் கொடுப்பதற்கு முன்னால் சீரியலைப் பற்றித்தான் பேசுவார்கள். படம் சரியாகத் தெரியவில்லை என்ற புகாரும், ‘அந்தப் பழைய பொண்ணு எப்பங்க திரும்ப வரும்’ என்ற புகாரும் எனக்கு ஒரே குரலில்தான் வரும். ஏதோ நான்தான் ஆளை மாற்றியவன் மாதிரி. இன்னொரு பக்கம், பழைய அமெரிக்கக் காமெடித் தொடர்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அதனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் டேரின் கதை. ‘பிவிட்ச்ட்’ 1964-ல் ஏபிசி சேனலில் தொடங்கி 1972 வரை எட்டு சீசன் ஓடியது. மொத்தம் 254 எபிசோடுகள். சமந்தா ஒரு சூனியக்காரி. மூக்கை ஆட்டினால் மந்திரம் நடக்கும். அவள் கட்டிக்கொண்டது டேரின் என்ற சாதாரண மனுஷனை. அவனுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. மாமியார் எண்டோராவுக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே ஆகாது. முதல் ஐந்து சீசனில் டேரினாக நடித்தவர் டிக் யார்க். 1959-ல் வெளியான ஒரு படத்தின் படப்பிடிப்பில், கையால் இயக்கும் ரயில் தள்ளுவண்டிக் காட்சியில் அவருக்கு முதுகு தசை கிழிந்துபோனது. அந்த வலி கடைசிவரை விடவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் இடைவேளையில் சாய்ந்து நிற்க அவருக்கென்று ஒரு சாய்வுப் பலகையே செய்து வைத்திருந்தார்கள். மூன்றாவது சீசனிலிருந்து ஐந்தாவது வரை பார்த்தீர்களானால் டேரின் அடிக்கடி வெளியூர் போயிருப்பான், ஆபீஸ் வேலையாக இருப்பான். அப்படி 14 எபிசோடுகளில் யார்க் இல்லை. 1969 தொடக்கத்தில் தளத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அதோடு தொடரிலிருந்து விலகினார்.

அவருக்குப் பதில் வந்தவர் டிக் சார்ஜென்ட். 1964-லேயே டேரின் வேஷத்துக்கு இவரையும் யோசித்திருந்தார்கள். அப்போது வேறொரு தொடரின் ஒப்பந்தம் கையைக் கட்டிப்போட்டிருந்தது. 1969 செப்டம்பரில் ஆறாவது சீசன் தொடங்கியது. டைட்டிலில் பெயர் மாறியதுதான் ஒரே அறிவிப்பு. சமந்தா அவரைப் பார்த்துச் சிரித்தாள், முதலாளி லாரி டேட் வழக்கம்போல் அதட்டினார். மாமியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எண்டோரா இரண்டு டேரினையுமே பெரும்பாலும் ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் வரைக்கும் எந்த மாற்றமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது ரசிகர்கள். அந்தக் காலத்தில் கருத்தைப் பதிவு செய்ய இன்றைக்கு இருக்கிற வசதி ஏது? கடுதாசிதான். அதைவிட நம்பத்தக்கது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. முதல் சீசனில் அமெரிக்கா முழுவதற்கும் இரண்டாம் இடத்தில் இருந்த தொடர், ஐந்தாவது சீசனிலும் முதல் பன்னிரண்டுக்குள் நின்றது. சார்ஜென்ட் வந்த ஆறாவது சீசனில் இருபத்தைந்தாம் இடத்தை ஒட்டிப் போய்விட்டது. ஏழாவது சீசனில் முதல் முப்பதிலேயே இல்லை. “பார்த்தீர்களா, ஆளை மாற்றினதால் விழுந்தது” என்று எல்லாரும் சொல்வது இதை வைத்துத்தான்.

நான் அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். தொடரே அப்போது களைத்துப் போயிருந்தது. பழைய எபிசோடுகளின் கதையையே எடுத்துக் கொஞ்சம் தட்டிக்கொட்டி மறுபடி எடுத்தார்கள். யார்க் ஏற்கெனவே செய்துவிட்ட காட்சியை சார்ஜென்ட் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது. புது ஆள் புதுக் கதையோடு வந்தால் நாம் கதையைப் பார்ப்போம். பழைய கதையோடு வந்தால் பழைய ஆளைத்தான் தேடுவோம். எட்டாவது சீசனில் கிழமையை மாற்றி, நேரத்தை மாற்றி, கடைசியில் அன்றைக்கு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த தொடருக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யார்க்கே இருந்திருந்தாலும் தாங்கியிருக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டேரின் மாற்றத்தின் மேல் இருக்கிற கோபத்தில் பெரும்பகுதி 1969-ல் வந்ததல்ல, அதற்கப்புறம் மறுஒளிபரப்பில் வந்தது. முதல் இரண்டு சீசன், 74 எபிசோடுகள், கறுப்பு வெள்ளை. வண்ண டிவி வந்தபிறகு உள்ளூர் சேனல்கள் பெரும்பாலும் அவற்றைத் தள்ளிவிட்டு வண்ண எபிசோடுகளை மட்டும் போட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: யார்க் காலத்தில் வண்ணத்தில் மிஞ்சியது 96, சார்ஜென்ட் காலம் 84. முதலில் பார்த்தவர்களுக்கு ஐந்து வருஷம் பழகிய முகம் யார்க். மறுஒளிபரப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு பேரும் ஏறக்குறைய சரிபாதி. அதுவும் தினம் ஒரு எபிசோடு என்று ஓட்டும்போது முந்தாநாள் ஒருவர், இன்றைக்கு இன்னொருவர். நடுவில் கோடை விடுமுறை இடைவெளிகூட இல்லை. ‘எந்த டேரின் உசத்தி’ என்ற வழக்கு அப்படித்தான் ஒரு தலைமுறைக்கே பொழுதுபோக்கானது.

சரி, அதே தொடரில் இன்னும் யார் யார் மாறினார்கள் தெரியுமா? எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கிளாடிஸ் கிராவிட்ஸ். முதலில் நடித்த ஆலிஸ் பியர்ஸ் 1966 மார்ச்சில் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த வேஷத்துக்காக இறந்தபின் எம்மி விருது கிடைத்தது. அவருக்குப் பதில் சாண்ட்ரா கூல்ட் வந்தார். லாரி டேட்டின் மனைவி லூயிஸ் 1966-ல் மாறினார். டேரினின் அப்பாவாக இரண்டு நடிகர்கள் மாறி மாறி வந்துபோனார்கள். ஆனால் ஐம்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் பேசுவது டேரினைப் பற்றி மட்டும்தான்.

ஏன்? நான் சொல்வது இது. காமெடித் தொடரில் ஒரு பாத்திரம் தனியாக நிற்பதில்லை, இன்னொருவரோடு சேர்ந்துதான் நிற்கிறது. சமந்தா மூக்கை ஆட்டுவது சிரிப்பில்லை. அதைப் பார்த்து டேரினின் முகம் போகிற போக்குதான் சிரிப்பு. யார்க்குக்கு ரப்பர் மாதிரி முகம். கண்ணு பிதுங்கும், வாய் கோணும், குரல் கீச்சென்று ஏறும்; பயந்துபோனாலும் அந்தப் பயத்துக்கு அடியில் பெண்டாட்டி மேல் கிறக்கம் இருப்பது தெரியும். சார்ஜென்ட் நல்ல நடிகர். ஆனால் அவர் முகத்தை அதிகம் அசைக்காமல் சிரிக்கவைக்கிற ரகம். அதே மந்திரத்தைப் பார்த்து அவர் எரிச்சல்படுவார். எரிச்சலும் நியாயமானதுதான், கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிவிட்டதே! ஆனால் பார்க்கிறவர்களுக்கு சமந்தாவே கொஞ்சம் மாறிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கோமரி அதே மாதிரிதான் சிரித்தார். எதிரில் சிரிப்பை வாங்கிக்கொள்ளும் முகம் வேறாகிவிட்டது. ஆள் மாறினால் போவது ஒரு ஆள் இல்லை, ஒரு ஜோடி. மாமியாராக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டுக்கே இந்த மாற்றம் பிடிக்கவில்லை என்று அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜோடி நடிப்பின் அருமை அவருக்குத் தெரியும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசியில் மண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்துப் படுகளம். போன வருஷம் பாஞ்சாலி கட்டியவர் இந்த வருஷம் வரவில்லை என்றால் வேறு ஆள் கட்டுவார். பாஞ்சாலியே ஆம்பளைதான் என்பது வேறு விஷயம். விடிய விடிய உட்கார்ந்திருக்கிற எங்கள் ஆயாக்கள் ஒருத்தர்கூட ‘இது நம்ம பாஞ்சாலி இல்லை’ என்று எழுந்து போனதில்லை. அதே ஆயா வீட்டுக்கு வந்து, டிவியில் மருமகள் பாத்திரம் மாறிவிட்டதென்று ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிடுவார். இந்த இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

முகவர்ணமும் கிரீடமும் புஜகீர்த்தியும்தான் கூத்தில் பாத்திரத்துக்கு முகம் கொடுக்கின்றன என்பது ஒரு காரணம். துரியோதனன் முகத்தை ஒருவர் கழுவினால் இன்னொருவர் பூசிக்கொள்ளலாம். டிவியில் பாத்திரத்தின் முகமும் நடிகரின் முகமும் ஒன்றுதான், கழற்ற முடியாது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கூத்தில் யாரும் சும்மா வந்து நிற்பதில்லை. திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ‘நீர் யார், எந்த தேசம்’ என்று கேட்பான். வேஷக்காரர் நான் இன்னார் என்று தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். புது ஆளாயிருந்தால் கட்டியக்காரன் சும்மா விடமாட்டான், ‘என்ன மகாராஜா, போன வருஷத்துக்கு இந்த வருஷம் இளைச்சிட்டீரே’ என்று ஒரு இடி இடிப்பான். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்போடு புது ஆளுக்கு அனுமதி கிடைத்துவிடும்.

‘பிவிட்ச்ட்’டில் இல்லாமல் போனது இந்தக் கட்டியக்காரன்தான். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மந்திரக் கதையில் அதுவா கஷ்டம்? எண்டோரா மாப்பிள்ளை முகத்தை மாற்றிவிட்டாள் என்று ஒரு எபிசோடு எடுத்திருந்தால் ஜனங்கள் கைதட்டியிருப்பார்கள். மனுஷனைக் கழுதையாக்கத் தெரிந்த மாமியாருக்கு மூக்கையும் தாடையையும் மாற்றத் தெரியாதா? செய்யவில்லை. ரசிகருக்குக் கண் தெரியாது என்று நினைத்துக்கொண்ட மாதிரி நடந்துகொண்டார்கள். ஆள் மாறினதைவிட இதுதான் குத்தும்.

பின்னால் வந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ‘ரோசான்’ தொடரில் மூத்த மகள் பெக்கியாக நடித்த லேசி கோரன்சன் கல்லூரிப் படிப்புக்காகப் போய்விட்டார். 1993-ல் அந்த வேஷத்துக்கு சாரா சாக் வந்தார். அந்தக் குடும்பம் டிவி முன்னால் உட்கார்ந்து ‘பிவிட்ச்ட்’ பார்ப்பதாக ஒரு காட்சி வைத்தார்கள். டேரினை மாற்றிவிட்டார்களே என்று வீட்டில் பேச்சு வருகிறது. புது பெக்கி மட்டும், எனக்கு இரண்டாவது டேரினைத்தான் பிடிக்கும் என்கிறாள். அவ்வளவுதான். 1995-ல் பழைய நடிகை திரும்பி வந்தபோதும், அந்த சீசனில் இருவரும் மாறி மாறி வந்தபோதும் அதையே கேலியாக்கிக்கொண்டார்கள். 2018-ல் தொடர் மறுபடி தொடங்கியபோது கோரன்சன் பெக்கியாகவும் சாக் வேறொரு பாத்திரமாகவும் ஒரே கதையில் வந்தார்கள். ரசிகர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள்.

‘தி ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ தொடரில் நாயகன் வில்லின் விவியன் அத்தையாக முதல் மூன்று சீசன் நடித்தவர் ஜேனட் ஹியூபர்ட். 1993-ல் அவருக்குப் பதில் டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட். வில்லின் நண்பன் ஜாஸ் வீட்டுக்குள் வந்து, குழந்தை பிறந்ததிலிருந்து உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறதே என்று அத்தையைப் பார்த்துச் சொல்வான். வில் கேமராவைத் திரும்பிப் பார்ப்பான். சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் இந்த மாற்றத்தை ரசிகர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஹியூபர்ட் கறுத்த நிறம், புதியவர் அவரைவிட வெளுப்பு. கறுப்பினக் குடும்பத்தில் ஒரு கறுத்த, படித்த, அதட்டிப் பேசுகிற அத்தையைப் பார்த்துப் பெருமைப்பட்ட பெண்களுக்கு அது சாதாரண ஆள் மாற்றமாகத் தெரியவில்லை. அதோடு புது அத்தைக்குக் கதையில் இடமும் குறைந்தது. 2020-ல் நடந்த ஒன்றுகூடல் நிகழ்ச்சியில் ஹியூபர்ட்டும் வில் ஸ்மித்தும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிச் சமாதானமானபோது அழுத ரசிகர்கள் உண்டு. கட்டியக்காரன் இடி இடித்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இது சாட்சி.

இனி நம்ம பக்கம். நம்ம சீரியலில் கட்டியக்காரன் வேலையைச் செய்வது திரையில் வரும் அந்த வரிதான், ‘இவருக்குப் பதில் இவர்’. இரண்டு மூன்று வினாடி. அமெரிக்காக்காரன் செய்யாத மரியாதையை நாம் செய்கிறோம் என்று சொல்வேன். என்ன கஷ்டமென்றால், அந்த இரண்டு மூன்று வினாடியைத் தவறவிட்டால் தீர்ந்தது. 2011, 2012-ல் எங்கள் பக்கம் மின்வெட்டு எப்படியிருந்தது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். மணிக்கணக்கில் போகும். மாம்பழ சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகிற பெண்கள் வேறு பாதி எபிசோடுகளைப் பார்க்க மாட்டார்கள். கரண்ட் வந்து டிவியைப் போட்டால் நாயகன் வீட்டுச் சமையலறையில் தெரியாத ஒருத்தி நின்று ரசம் தாளித்துக்கொண்டிருப்பாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அவளைச் சின்ன வீடு என்றே முடிவுகட்டி, நாயகனை அந்த வாரம் பூராவும் சபித்தார்கள். வசூலுக்குப் போன நான்தான் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

சாவினால் ஆள் மாறும்போது கோபம் வேறு விதம். 2020 டிசம்பரில் சித்ரா இறந்தபோது ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லை பாத்திரத்துக்குக் காவ்யா அறிவுமணி வந்தார், பிறகு 2022-ல் லாவண்யா வந்தார். முதல் மாற்றத்தின்போது ஜனங்கள் புதுப் பெண்ணைத் திட்டவில்லை, பார்க்கவே மறுத்தார்கள். அது துக்கம். துக்கத்துக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. இரண்டாவது மாற்றத்தில் அந்தத் துக்கம் இல்லை, வழக்கமான முணுமுணுப்புதான். ஒரே பாத்திரத்தில் இரண்டு விதமான வரவேற்பு.

‘எதிர்நீச்சல்’ இன்னும் கஷ்டமானது. 2023 செப்டம்பர் 8-ந் தேதி மாரிமுத்து இறந்தார், அதுவும் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நாளில். அவர் நடித்த ஆதி குணசேகரன் கெட்டவன், வீட்டுப் பெண்களை நசுக்குகிறவன். ஆனால் இரவு 9.30 மணிக்கு அவன் தொண்டையைக் கேட்காமல் தூங்காத வீடுகள் தர்மபுரியில் எத்தனையோ. ‘ஏய் இந்தாம்மா’ என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கொஞ்ச நாள் குணசேகரனைக் கண்ணில் காட்டாமல் கதையை ஓட்டிவிட்டு, எழுத்தாளர் வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள். அவர் மாரிமுத்துவைப் போல் நடிக்க முயலவில்லை. அது சரியான முடிவு என்பது என் கட்சி. போலச் செய்திருந்தால் ஒவ்வொரு வசனத்திலும் செத்தவர் நினைவுதான் வந்திருக்கும். ஆனால் பார்த்தவர்களுக்குப் பழகவில்லை. மாரிமுத்து கத்தினால் பயத்தோடு ஒரு சிரிப்பும் வரும். இவர் முறைத்தால் பயம் மட்டும்தான் வந்தது. சிரிப்பு போனதும் குணசேகரன் வெறும் வில்லனாகிவிட்டான். யார்க் போய் சார்ஜென்ட் வந்தபோது பயமும் கிறக்கமும் போய் எரிச்சல் மிஞ்சியதே, அதே கணக்கு.

ஓசூர்ப் பக்கம் போனால் இன்னொரு கூத்து. பேரிகை, பாகலூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, தளியைச் சுற்றிக் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரே வீட்டில் மூன்று மொழிச் சீரியலும் ஓடும். ‘பாரதி கண்ணம்மா’ 2019-ல் தமிழில் தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டு அவ்வாக்கள், அதாவது பாட்டிகள், அதே கதையைத் தெலுங்கில் ‘கார்த்திகா தீபம்’ என்று பார்த்துவிட்டார்கள். அதில் கண்ணம்மாவுக்கு நேரான தீபாவாக நடித்தவர் பிரேமி விஸ்வநாத். 2021-ல் தமிழில் ரோஷினி ஹரிப்ரியன் போய் வினுஷா தேவி கண்ணம்மாவாக வந்தபோது கிருஷ்ணகிரியில் என் சொந்தக்காரர் வீட்டில் பெரிய விவாதம். பேரிகையில் ஒரு அவ்வா சாவகாசமாகச் சொன்னார், ‘எங்களுக்கு இது மூணாவது பொண்ணு’. கண்ணம்மா கறுப்பாக இருப்பதால்தான் கதையே நடக்கிறது. அதனால் மாற்று நடிகையையும் அந்தச் சாயலிலேயே தேடிப் பிடித்தார்கள். விவியன் அத்தை விஷயத்தில் செய்யாததை இங்கே செய்தார்கள், எதிர்ப்பும் சீக்கிரம் அடங்கியது.

தமிழில் சிரிப்புத் தொடர் என்று எடுத்துக்கொண்டால் ‘ரமணி வெர்சஸ் ரமணி’யைச் சொல்ல வேண்டும். இயக்கியவர் நாகா. முதல் பாகத்தில் ஒரு ஜோடி, இரண்டாம் பாகத்தில் பப்லு பிருத்விராஜும் தேவதர்ஷினியும். புருஷன் பெண்டாட்டி இருவருமே மாறினார்கள், பாகமும் புதிது. நான் கேட்டவரையில் ஒருவரும் குறைசொல்லவில்லை. ஜோடியில் ஒருவரை எடுத்தால்தான் மற்றவர் எதிரில் ஓட்டை தெரியும். இரண்டு பேரையும் சேர்த்து மாற்றினால் அது வேறு வீடு, வேறு சண்டை.

ஆளே மாற்றாமல் காலியாக விட்டால் என்ன என்று கேட்பீர்கள். ‘சியர்ஸ்’ தொடரில் கோச் பாத்திரத்தில் நடித்த நிக்கலஸ் கொலசாண்டோ 1985-ல் இறந்தபோது, அதே பெயரில் இன்னொருவரைப் போடவில்லை. உடி என்று புது ஆளை அந்த மதுக்கடைக்குள் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் உடியை ஏற்றுக்கொண்டார்கள், கோச்சையும் மறக்கவில்லை. இந்தியில் 2008 முதல் ஓடுகிற ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. டப்பு என்ற பையன் பாத்திரத்துக்கு மூன்று பேர். தாரக் மேத்தா பாத்திரத்தில் ஷைலேஷ் லோதா போய் 2022-ல் சச்சின் ஷ்ராஃப். ஆனால் 2017-ல் பிரசவ விடுப்பில் போன திஷா வகானியின் தயா பாத்திரத்தை மட்டும் வருஷக்கணக்கில் காலியாகவே வைத்துவிட்டு, இதோ வருகிறாள் அதோ வருகிறாள் என்று ஓட்டினார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் என் நண்பரின் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். ராத்திரி போனில் அந்தத் தொடர்தான். அவர்களைக் கேட்டால், மாற்றின டப்புவைப் பற்றிக் கோபமே இல்லை, பையன் வளர்ந்துட்டான் என்கிறார்கள். தயா விஷயத்தில்தான் கொதிப்பு. வேறு ஆளைப் போட்டிருந்தால் ஆறு மாதம் திட்டிவிட்டு அடங்கியிருப்பார்கள். வருவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் கோபம் ஆறவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் தயாரிப்பாளர் பக்கம் நின்று பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குழந்தைப் பாத்திரம் மாறினால் யாரும் கண்டுகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பிவிட்ச்ட்’டில் சமந்தாவின் மகள் டபிதா கைக்குழந்தையாயிருந்தபோது சில குழந்தைகள் மாறி மாறித்தான் நடித்தன. நம்ம சீரியலில் ‘ஐந்து வருடங்களுக்குப் பிறகு’ என்று போட்டால் முடிந்தது.

ஆக தம்பி, உங்கள் அம்மா சீரியலில் போனது யார், எதிரில் நின்றவர் யார் என்று முதலில் பாருங்கள். மாமியாரோடு சண்டை போடுகிற மருமகள் மாறியிருந்தால் பழக நாளாகும், ஏனென்றால் சண்டையின் தாளமே மாறிவிடும். அம்மாவைக் கட்டாயப்படுத்திப் பார்க்கவைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவரிடம் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். கதையை வாயால் கேட்கும்போது மனதில் பழைய முகமே ஓடும். கொஞ்ச நாள் கழித்து தானே போய் ரிமோட்டை எடுப்பார். கேபிள்காரனாக நான் பார்த்தவரையில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். வராதவர்களும் உண்டு, அவர்கள் வேறு சேனல் சீரியலுக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் ஒரு நாள் ஆள் மாறும்.

உங்களுக்கு: ஆறாவது சீசனை உடனே தொடராதீர்கள். கறுப்பு வெள்ளை என்று முதல் இரண்டு சீசனில் எதையாவது தாண்டிவிட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள், தொடரிலேயே நல்ல எழுத்து அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் இடைவெளி விட்டு சார்ஜென்ட்டிடம் வாருங்கள். பழைய கதையைத் திருப்பி எடுத்த எபிசோடு என்று தெரிந்தால் தாண்டிவிடுங்கள். அவருக்கென்றே எழுதின எபிசோடுகளில் மாமியாரிடம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசுகிற இடங்களைக் கவனியுங்கள், அதை யார்க்கால் செய்திருக்க முடியாது.